நீர் புகாக் காமிராவைத் தேர்ந்தெடுத்தல்

மீன்வளத்தை ஆராயும் களப்பணியாளருக்கும், மாணவரைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியருக்கும் காமிரா ஒரு குறிப்பேடாகும். அது நனைந்து கெடின், அன்றைய படங்களும் அழியக்கூடும். ஆதலின் ‘நீர் புகாதது’ என்னும் விளம்பரச் சொல்லை நம்பாது, தரக்குறியீட்டை நோக்குதல் வேண்டும். ‘ஐ.பி. 67’ என்பதன் ஈற்றிலக்கமாகிய 7, ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்குவதைக் குறிக்கும். 8 எனின், அதனினும் கடுமையான சோதனை. அதன் ஆழத்தையும் நேரத்தையும் உற்பத்தியாளர் அறிவிப்பர். இச்சோதனைகள் கடல்நீரின் அரிப்பை அளப்பதில்லை.

மூடியின் ரப்பர் வளையத்தில் ஒட்டிய ஒரு மணலும் நீருக்கு வழிவிடும். கடலிலிருந்து திரும்பியதும், மூடியைத் திறவாமல் நன்னீரில் அலசி, உலர்த்திய பின்னரே திறத்தல் வேண்டும். படகில் செல்வோர் மிதவைப் பட்டையொன்றைக் காமிராவில் பூட்டிக்கொள்ளுதல் நலம்.