கன்னியா வெந்நீர்க் கிணறுகள்

கொடிகாமத்துக் கிணறுகளின் தண்ணீரில் முழுகிப் பழகிய நமக்கு, திருகோணமலைக்கு வடமேற்கே சுமார் 8 கிலோமீற்றரில் உள்ள கன்னியா பெருவியப்பளிக்கும். அருகருகே ஏழு கிணறுகள். ஒவ்வொன்றின் வெப்பமும் சிறிது வேறுபடும். வாளியால் அள்ளியே நீராடுகிறோம்.

தாயின் ஈமக்கடனுக்காக இராவணன் ஏழிடங்களில் வாளை ஊன்ற, நீர் சுரந்தது என்பது ஐதிகம். இறந்தோருக்கு இங்கே கடன் கழிப்பது தமிழரின் நெடுங்கால வழக்கம்.

எரிமலையில்லா ஈழத்தில் வெப்பம் எங்ஙனம் வந்தது என மாணவர் வினவலாம். மழைநீர் பாறைப் பிளவுகளின் வழியே ஆழத்திற் புகுகின்றது. கீழே செல்லச் செல்ல, கிலோமீற்றருக்குப் பொதுவாக 25 முதல் 30 பாகை வரை வெப்பம் மிகும். அங்கே சூடேறிய நீரே மேலெழுந்து ஊற்றாகின்றது.

ஆகவே அன்னையை நினைந்து நாம் அள்ளும் அந்நீர், என்றோ பெய்த மழையேயாம். கிணறுகளைப் பேணினாற் போதாது. மழையை ஏற்கும் சுற்றுநிலத்தையும் காத்தல் நம் கடன்.