பாதை ஏறும் வீட்டு வண்டி

பெரியமடுவிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் புறப்படும் ஒருவர் பள்ளமடுவுக்கு வந்து, வடக்கே திரும்பி, வெள்ளாங்குளம், பூநகரி வழியாகச் சங்குப்பிட்டியை அடைவர். அங்கே கடல்நீரேரி குறுக்கிடுகின்றது. 2011ஆம் ஆண்டு சனவரியில் 288 மீற்றர் நீளமான பாலம் திறக்கப்பட்டதன் பின்னர், அந்நீரைக் கடத்தல் ஒரு பாட்டை முணுமுணுத்து முடிப்பதற்குள் ஆகிவிடுங் காரியம். முற்காலத்திலோ சங்குப்பிட்டிக்கும் கேரதீவுக்கும் இடையே ‘பாதை’ ஓடியது.

பாதை என்றவுடன் தரைவழியை நினைத்தல் வேண்டா. மிதவைகளின்மேல் தட்டையான தளம் அமைத்து, வண்டிகளையும் மாந்தரையும் ஒருங்கே ஏற்றிச் செல்லும் கலத்துக்கு ஈழத்துத் தமிழர் வழங்கும் பெயர் அது. அறுந்துபோன வழியே மிதந்து வந்து கரையோடு ஒட்டிக்கொள்கின்றது என்னும் கருத்தில் எழுந்த பெயர் போலும். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையிலும், மட்டக்களப்பில் குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையிலும் நெடுங்காலம் ஓடியவை இத்தகைய பாதைகளே.

பாதையில் ஏறும் வண்டிகளுள் மிகுந்த தொல்லை தருவது யாது? பாரமேற்றிய லொறி என்றே பலரும் விடை கூறுவர். மேல்நாடுகளில் பெருகியுள்ள வீட்டு வண்டியை அறிந்தோர் அவ்வாறு கூறார். படுக்கை, அடுப்பு, நீர்த்தொட்டி, குளியலறை யாவும் தன்னுள் அடங்கிய பெரு வண்டி அது. ஏழெட்டு மீற்றர் நீளமும் மூன்று மீற்றர் உயரமும் உடையவை சாதாரணம். பின்சக்கரங்களுக்கு அப்பாலும் அதன் உடல் இரண்டு மீற்றர் வரை நீண்டு தொங்கும். அந்த வாற்பகுதியில்தான் சங்கடம் பிறக்கின்றது.

கரையையும் கலத்தையும் இணைப்பது சாய்தளம். நீர் வற்றும்போது கலம் தாழ்கின்றது, பெருகும்போது உயர்கின்றது. சாய்தளத்தின் சரிவும் அதற்கேற்ப மாறுகின்றது. இலங்கைக் கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவு. ஆங்கிலக் கால்வாய்த் துறைகளிலோ அது பல மீற்றர். சரிவு மிக்க வேளையில் முன்சக்கரங்கள் மேலேற, வண்டியின் வால் தாழ்ந்து தரையில் உராய்கின்றது. கழிவுநீர்க் குழாய் முறிகின்றது. தளத்தின் உச்சியை அடைந்ததும் வயிறு தட்டுகின்றது. துறைப் பணியாளர் சக்கரங்களின் கீழ் பலகை இட்டு, அடி அடியாக ஏற்றுவிப்பர். நீர்மட்டம் மாறும் வரை காத்திருக்குமாறு கூறுவதும் உண்டு. அச்சொல்லை வீண் கெடுபிடி என்று சினக்கும் வண்டியோட்டிகள் உளர். பின்னர் வண்டி திருத்துவோனுக்குப் பணம் கொடுப்பவரும் அவர்களே.

சிறு பாதையில் வேறொரு தொல்லை. பாரமான வண்டியின் முன்சக்கரங்கள் ஏறிய கணத்தில் அம்முனை நீரில் அழுந்துகின்றது, மறுமுனை எழுகின்றது. ஆதலின் கலத்தைக் கரையோடு இறுகக் கட்டிய பின்னரே வண்டி ஏறுதல் வேண்டும். ஏறியபின் நடுவே நிறுத்தப்படல் வேண்டும். பஸ் வண்டியில் வந்தோர் இறங்கி நடந்து ஏறுவதும் இதுபற்றியே.

பெருங் கப்பலில் ஏறிய வீட்டு வண்டிக்குச் செய்ய வேண்டியவை இன்னும் பல. கைத்தடை இட்டு, கியரில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்து, சங்கிலியால் தளத்தோடு பிணைப்பர். சமையல் வாயுவின் திருகை மூடிவிடல் இன்றியமையாதது. அவ்வாயு காற்றினும் கனமானது. கசிந்தால் மூடிய தளத்தின் அடியில் தேங்கி, ஒரு தீப்பொறிக்காகக் காத்திருக்கும். தொட்டியில் நீர் அரைவாசி இருப்பதினும் நிறைந்திருத்தலோ வெறுமையாயிருத்தலோ நன்று. அரைத்தொட்டி நீர், வண்டி சாயும் பக்கமே ஓடி, சாய்வை மிகுவிக்கும்.

இதே விதி கப்பலுக்கும் உண்டு. 1987 மார்ச்சு 6ஆம் நாள், பெல்சியத்தின் சீபுறூக் துறையிலிருந்து புறப்பட்ட ‘எறல்ட் ஒவ் பிறீ என்டர்பிறைஸ்’ என்னும் கப்பலின் முன்கதவு மூடப்படவில்லை. வண்டித் தளத்தில் புகுந்த கடல்நீர் அங்குமிங்கும் ஓட, சில நிமிடங்களில் கப்பல் கவிழ்ந்தது. 193 பேர் மாண்டனர். 2014இல் கொரியாவின் ‘செவோல்’ கவிழ்ந்து 304 பேர் இறந்தமைக்கு, மிகைப்பாரமும் சரியாகப் பிணைக்கப்படாத சரக்கும் காரணங்களாயின. அத்தனை தொலைவு போவானேன்? 2021 நவம்பர் 23ஆம் நாள் கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில், பாலவேலை முடியும்வரை ஓடிய பாதை கவிழ்ந்து, பள்ளிக்குப் புறப்பட்ட சிறார் நீரில் மூழ்கி உயிரிழந்தனர். ஆழங் குறைந்த நீர்தானே என்னும் எண்ணம் எத்துணைக் கொடியது!

இனி மன்னார்க் கடலுக்கு வருவோம். தலைமன்னாருக்கும் தனுக்கோடிக்கும் இடையே 1914இல் தொடங்கிய நீராவிக் கப்பற் சேவை இருபுறத்துப் புகைவண்டிகளையும் இணைத்தது. 1964 டிசம்பர்ப் புயல் தனுக்கோடியை அழித்தபின், கப்பல் இராமேசுவரத்துக்கு ஓடியது. மேல்நாட்டிலிருந்து தரைவழியே மோட்டார் வண்டியில் வந்தோர் இலங்கை புகுவதற்கும் அவ்வழியையே நாடினர். ஆனால் அக்காலத்தில் இராமேசுவரத் தீவுக்கு வண்டிச் சாலை இல்லை. கப்பலேறுவதற்கு முன்னரே வண்டி ஒருமுறை ரயிலேற வேண்டியிருந்தது: மண்டபத்தில் திறந்த தட்டு வண்டியின்மேல் நின்று, அது பாம்பன் பாலத்தைக் கடந்தது.

பாம்பன் சாலைப் பாலம் 1988இல் திறக்கப்பட்டது. அதற்குள் இலங்கையின் போரால் கப்பற் சேவை நின்றுவிட்டது. கப்பல் இருந்த நாளில் சாலை இல்லை; சாலை வந்த நாளில் கப்பல் இல்லை. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே தொடங்கிய கப்பலும் பயணிகளுக்கென்றே அமைந்தது. வண்டி ஏற்றும் தளம் அதற்கில்லை.

தலைமன்னாருக்கு மீண்டும் வண்டிக் கப்பல் வருமாயின், முதற்கண் ஆழமே கேள்வியாகும். பெரிய வண்டிக் கப்பலின் அடி ஐந்தாறு மீற்றர் நீரில் அமிழும்; இராமர் அணைத் திட்டுகளின்மேலோ பலவிடங்களில் ஓரிரு மீற்றர் நீரே உண்டு. அடி தட்டையான சிறு கலமாயின் பொருந்தும். அதற்கேற்ற சாய்தளம் இரு கரையிலும் எழுப்பப்படல் வேண்டும். 2017 முதல் தனுக்கோடிக்கு அப்பால் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை செல்கின்றது. இப்பால் தலைமன்னார் இறங்குதுறை வரை, 2015இல் மீளமைத்த இருப்புப்பாதை வந்து நிற்கின்றது. நடுவே கிடப்பது ஏறத்தாழ முப்பது கிலோமீற்றர் நீர்.