ஹெச்.எம். மாறினால் ஸ்டாஃப் ரூம் ஏன் மாறுகிறது?

அதே கட்டடம், அதே பாடப்புத்தகம், அதே சம்பளம். ஆனால் புதுத் தலைமையாசிரியர் வந்த சில மாதங்களில் ஸ்டாஃப் ரூம் பேச்சே மாறிவிடும். ஒரு பள்ளியில், "பசங்கள அறிவியல் கண்காட்சிக்குக் கூட்டிட்டுப் போலாமா?" என்கிறார்கள். இன்னொன்றில், "டிரான்ஸ்ஃபர் கலந்தாய்வு எப்போ?" என்பதுதான் கேள்வி. ஏன் இந்த வித்தியாசம்?

ஹெச்.எம். கையில் என்ன இருக்கிறது?

அரசுப் பள்ளி ஆசிரியரின் சம்பளத்தை அரசு முடிவுசெய்கிறது. பதவி உயர்வுக்குப் பணிமூப்பு, இடமாறுதலுக்குக் கலந்தாய்வு. தலைமையாசிரியரிடம் மிஞ்சுவது கால அட்டவணை, தற்செயல் விடுப்பு, கூட்டம் நடத்தும் விதம், நாலு பேர் முன்னால் சொல்லும் ஒரு வார்த்தை. சின்ன விஷயங்கள்தான். ஆனால் ஓர் ஆசிரியரின் அன்றாடம் இவற்றால்தான் ஆனது.

மூன்று பாணிகள்

1930-களின் இறுதியில் அமெரிக்காவின் அயோவாவில் உளவியலாளர் கர்ட் லெவினும் சக ஆய்வாளர்களும் 10 வயதுச் சிறுவர் குழுக்களை மூன்று விதமாக வழிநடத்திப் பார்த்தார்கள்.

* அதிகாரம்: தலைவர் இருக்கும்வரை வேலை நடந்தது. அவர் வெளியே போனதும் படுத்துவிட்டது.
* கலந்துபேசுதல்: தலைவர் இல்லாதபோதும் வேலை ஓடியது.
* கண்டுகொள்ளாமை: வேலையும் குறைவு, தரமும் குறைவு.

சிறுவர்களிடம் நடந்த சோதனைதான். ஆனாலும் ஹெச்.எம். மீட்டிங்குக்குப் போன நாளில் உங்கள் பள்ளி எப்படி இருந்தது என்று யோசித்துப் பாருங்கள்!

'நீங்களே பாத்துக்கோங்க' சுதந்திரமா?

இல்லை. பாடத்தை எப்படி நடத்துவது என்பதை ஆசிரியரிடம் விடுவது சுதந்திரம். பெற்றோர் சண்டைக்கு வரும்போது ஆசிரியரைத் தனியாக நிற்கவிடுவது கைகழுவல். முன்னது உற்சாகம் தரும். பின்னது, "நமக்கெதுக்கு வம்பு" என்று ஒதுங்க வைக்கும்.

மாணவருக்கு என்ன லாபம்?

கென்னத் லீத்வுட் உள்ளிட்ட கல்வியாளர்கள் 2004-ல் வெளியிட்ட அறிக்கை, மாணவர் கற்றலைப் பாதிக்கும் பள்ளி சார்ந்த காரணிகளில் வகுப்பறைக் கற்பித்தலுக்கு அடுத்த இடம் தலைமைக்குத்தான் என்றது. அந்தத் தாக்கம் பெரும்பாலும் ஆசிரியர் வழியாகவே மாணவரைச் சேர்கிறது. ஆசிரியர் சோர்ந்தால் பாதை அங்கேயே அடைபடும்.

ஹெச்.எம். மட்டும்தான் காரணமா?

அவருக்கும் மேலே அதிகாரிகள் உண்டு. எமிஸ் பதிவேற்றம், 'உடனே அனுப்பவும்' என்று வாட்ஸ்அப்பில் வரும் புள்ளிவிவரக் கேள்விகள், ஆய்வுக் கூட்டங்கள் என நெருக்கடி. மேலே வாங்கிய திட்டு அப்படியே ஸ்டாஃப் ரூமுக்கு இறங்குவதும் நடக்கிறது. நல்ல தலைமையாசிரியர் அந்தத் திட்டைத் தன்னோடு நிறுத்திக்கொண்டு, வேலையை மட்டும் பகிர்ந்து கொடுக்கிறார்.

செலவில்லாமல் செய்யக்கூடியவை

* கால அட்டவணையை இறுதி செய்யும் முன் ஆசிரியர்களிடம் கேட்பது.
* பாராட்டைப் பலர் முன்னும், குறையைத் தனியாகவும் சொல்வது.
* கூடுதல் வேலையை 'முடியாது' என்று சொல்லத் தெரியாதவர் தலையிலேயே கட்டாமல் இருப்பது.

இவற்றுக்கு அரசாணை தேவையில்லை. நாளைக் காலை பிரேயர் முடிந்ததும் ஆரம்பிக்கலாம்.