அப்புச்சியின் மறதியை யார் ஆராய்வது?

மறதி நோய் இருக்கிறதா என்று பார்க்க 1975-இல் வந்த எம்.எம்.எஸ்.இ. என்ற சோதனைதான் இன்றும் உலகெங்கும் பெயர்பெற்றது. மொத்தம் 30 மதிப்பெண். நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்க வேண்டும், ஒரு வாக்கியம் எழுத வேண்டும், இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரைய வேண்டும். காங்கேயம் பக்கம் ஆடு மேய்த்தே காலம் கழித்த, பென்சில் பிடித்தறியாத அப்புச்சி இதில் மதிப்பெண் இழப்பார். அவருக்கு நோய் என்று அதற்குப் பொருளில்லை. "வயசாயிருச்சுங்க, அப்படித்தான்" என்று வீட்டார் சொல்லிவிட, உண்மையான நோய் கணக்கில் வராமல் போவதும் உண்டு.

இந்தச் சிக்கலை ஆய்வாளர்கள் முன்பே உணர்ந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கென்று அரியானாவின் பல்லப்கரில் மேரி கங்குலி குழுவினர் இந்தியில் ஒரு சோதனையை வடிவமைத்து 1995-இல் வெளியிட்டார்கள். வேலூர், சென்னையை உள்ளடக்கிய 10/66 ஆய்வுக் குழு, பள்ளிக்கூடம் போகாதவரையும் நியாயமாக அளக்கும் முறையை 2003-இல் முன்வைத்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஒரு சோதனைத் தொகுப்பை உருவாக்கியது. ஆனால் அது முதலில் வந்த ஐந்து மொழிகள் இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம். தமிழ் அதில் இல்லை.

2023-இல் வெளியான தேசிய ஆய்வின்படி, இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் உள்ளது. நகரத்தைவிடக் கிராமத்திலும், ஆண்களைவிடப் பெண்களிடமும் அதிகம். ஆய்வு செய்யப் படித்து வருபவர்களில் அந்தக் கிராமத்து வீடுகளிலிருந்து வருபவர்கள் எத்தனை பேர் என்பதே என் கவலை.

சோதனையைவிட முக்கியம் வீட்டாரிடம் விசாரிப்பது. மாமனார் எதிரில் மருமகள் வாய் திறக்க மாட்டார். அவரைத் தனியே அழைத்துப் பேச வேண்டும்: "கூலிக் காசைச் சரியா எண்ணுறாருங்களா? ஆட்டைப் பட்டியில அடைக்க மறக்குறாருங்களா?" பெரியவரிடம் தேதி கேட்பதைவிட, "அமாவாசை போயி எத்தனை நாளாச்சுங்க?" என்று கேட்டால் நினைவின் நிலை தெரியும். அந்த வாழ்க்கையில் வளர்ந்த பிள்ளைக்கு இதெல்லாம் தானாக வரும். மொழியும் அப்படித்தான். கொங்கில் தேவாங்கர் வீடுகளில் கன்னடம், அருந்ததியர் வீடுகள் பலவற்றில் தெலுங்கு, ஆனைகட்டி மலையில் இருளர் மொழி. இரு மொழி பேசுவோருக்கு நோய் நாலரை ஆண்டு தாமதமாக வருவதாகச் சுவர்ணா அல்லாடி குழுவினர் ஐதராபாத்தில் 648 நோயாளிகளைப் பார்த்து 2013-இல் எழுதினார்கள். அதே கேள்வியைக் கேட்க கொங்கைவிட வளமான களம் எது?

இன்னொரு கேள்வி. சரிசெய்தால் நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ உதவக்கூடிய 14 காரணிகளை லான்செட் ஆணையம் 2024-இல் பட்டியலிட்டது. அதில் காது கேளாமையும் உண்டு. சோமனூர், பல்லடம் விசைத்தறிக் கூடத்தில் முப்பது ஆண்டு நின்றவரின் காது என்ன ஆகும்? அவர் மூளை? தறிச் சத்தத்தில் தூங்கி எழுந்த பிள்ளைக்கு முதலில் தோன்றுகிற ஆய்வுக் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்.

அந்தப் பிள்ளைகள் இப்போது வந்துகொண்டிருக்கிறார்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டை 2020-இல் தமிழ்நாடு கொண்டுவந்தது. அந்த முதல் அணி படிப்பை முடிக்கும் காலம் இது. சிறுபான்மையினரின் முதுமை குறித்த ஆய்வாளர்களை உருவாக்க அமெரிக்கா 1997-லேயே தனி மையங்களை நிறுவியது. 2015-இல் தொடங்கிய உலக மூளை நல நிறுவனம் மருத்துவர்களோடு கலைஞர்களையும் பத்திரிகையாளர்களையும்கூடப் பயிற்சிக்குச் சேர்க்கிறது. இங்கும் செவிலியர், சமூகப் பணி, உளவியல் மாணவர்களுக்குக் கதவு திறக்க வேண்டும். அவர்களுக்குக் களமும் தயாராக இருக்கிறது: தமிழ்நாடு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்ட ஊழியர்கள் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொடுக்க ஏற்கெனவே வாசலுக்குப் போகிறார்கள். அந்த இரண்டு நோய்களுமே மறதி நோயின் ஆபத்துக் காரணிகள்.

ஆனால் குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கு ஊதியமில்லாமல் ஒரு பேராசிரியர் பின்னால் இரண்டு ஆண்டு அலைய வசதியில்லை. வீட்டில் கடன் காத்திருக்கும். அதனால் உதவித்தொகையை முனைவர் பட்டம் வரை தள்ளாமல், இளநிலை இரண்டாம் ஆண்டிலிருந்தே, களத்துக்குப் போன முதல் மாதத்திலிருந்தே கொடுக்க வேண்டும்.