கோட்டாற்றில் அரங்கேறிய விண்ணேற்றம்

நாகர்கோவில் நகரத்தின் ஓர் அங்கமாக இன்று கலந்துவிட்ட கோட்டாறு, ஒரு காலத்தில் நாஞ்சில் நாட்டு நெல்லும் வெளியூர்ச் சரக்கும் கைமாறிய பெரிய வணிகத்தலமாக விளங்கிற்று என்பதைப் பலரும் அறிவார்கள். இஸ்லாமியத் தமிழின் ஆதி நூல்களுள் ஒன்றான மிகுராசு மாலை 1590ஆம் ஆண்டில் அரங்கேறிய தலமும் அதுவே என்பதை அறிந்தவர்கள் மிகச் சிலரே. ஆயிர மசலா மதுரையில் அரங்கேறியது 1572இல்; அதற்குப் பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின், உமறுப்புலவர் பிறப்பதற்கு வெகுகாலம் முன்னர், ஆலிப்புலவர் என்னும் பெருமகனார், நபிகள் நாயகம் வான்கடந்து சென்ற புனித யாத்திரையைத் தமிழ்ச் செய்யுளாக்கிக்கொண்டு, அதனைக் கேட்டு ஒப்புக்கொள்ளும் அவையொன்றைத் தேடி அலைந்தார் என்றும், கோட்டாற்றுச் செட்டியார் ஒருவரின் ஆதரவினாலேயே அவருடைய மனோரதம் நிறைவேறிற்று என்றும் இலக்கிய வரலாற்றாசிரியர்கள் கூறுவர். இஸ்லாத்தின் பரிசுத்த சரித்திரம் இந்த மண்ணில் வேரூன்றியது அயலவரும் உடனிருந்து கேட்ட அவையில்தான் என்பது என் மனத்தை மிகவும் கவர்ந்த செய்தி.

நபிமார்களின் சரித்திரம் ஆதம் நபியிடம் தொடங்கி முகம்மது நபியிடம் பூர்த்தியாகிறது. உலகுக்கு அனுப்பப்பட்ட நபிமார் 1,24,000 பேர் என்பது முஸ்லிம்களிடையே வழங்கும் மரபு. எனினும் திருக்குர்ஆன் பெயர் சொல்லிக் குறிப்பிடுவது 25 பேரையே. அவர்களிலும் யூசுபு நபியின் வரலாறுதான், சகோதரர்கள் கிணற்றில் தள்ளியது முதல் மிசுரு என்னும் எகிப்து நாட்டில் தந்தையும் மகனும் மறுபடி ஒன்றுகூடியது வரையில், 12ஆம் அத்தியாயத்தில் தொடர்கதையாக வருகிறது. மற்றவர்களுடைய வரலாறுகள் பெரும்பாலும் அந்தந்த இடத்து உபதேசத்துக்கு ஏற்றபடி பல அத்தியாயங்களில் சிதறிக் கிடக்கின்றன. அவற்றைக் காலவரிசையில் கோத்து, வழிவழியாக வந்த செய்திகளையும் சேர்த்து, பதினோராம் நூற்றாண்டில் வாழ்ந்த தஅலபீ முதலிய அரபு ஆசிரியர்கள் நபிமார் கதைகள் என்றே தனி நூல்கள் இயற்றினார்கள். தமிழிலும் அவ்வாறே யூசுபு நபியின் சரிதம் கிஸ்ஸா என்னும் கதையிலக்கியமாகப் பாடப்பட்டது. எறும்பின் மொழியும் பறவையின் மொழியும் அறிந்த சுலைமான் நபியின் அரசாட்சி, 1807இல் வண்ணக்களஞ்சியப் புலவரின் வாக்கில் இராஜநாயகம் என்னும் காப்பியமாயிற்று.

நபிமார்கள் பலரை ஒரே இரவில் சந்திக்கச் செய்யும் வரலாறு, ஆலிப்புலவர் பாடிய மிஃராஜ் என்னும் விண்ணேற்றம் ஒன்றே. அது நிகழ்ந்த வேளையை மறந்து அதனைப் படித்தால், அதன் உயிர் நமக்குப் புலப்படாது. துணைவியார் கதீஜா நாயகியாரும், அரணாக நின்ற பெரிய தந்தை அபூதாலிபும் அடுத்தடுத்து மறைந்துபோக, ஆதரவு நாடிச் சென்ற தாயிப் நகரத்தாரும் கல்லெறிந்து விரட்ட, மனிதரிடத்தில் நம்பிக்கை வைப்பதற்கு இனி ஏதுமில்லை என்று தோன்றத்தக்க அத்தகைய துயரகாலத்தில்தான், ஜிபுரீல் என்னும் வானவர் நாயகத்தைப் புராக் என்னும் வாகனத்தில் ஏற்றி, மக்கத்துப் பள்ளியிலிருந்து ஜெருசலேமின் பைத்துல் முகத்தசுக்கும், அங்கிருந்து ஏழு வானங்களுக்கும் அழைத்துச் சென்றார்.

முதல் வானத்தில் ஆதம் நபி வீற்றிருக்கிறார். தம் வலப்பக்கம் திரும்பி, சுவர்க்கத்துக்குரிய சந்ததியாரைப் பார்த்துச் சிரிக்கிறார். இடப்பக்கம் திரும்பி, நரகத்துக்குரியோரைப் பார்த்து அழுகிறார். மனுக்குலம் முழுவதற்கும் தந்தையான ஒருவரின் நெஞ்சத்தை இதனினும் சுருக்கமாகக் காட்டிய இடம் நான் படித்தவற்றுள் வேறில்லை. இரண்டாம் வானத்தில் ஈசா நபியும் யஹ்யா நபியும், மூன்றில் அழகே உருவான யூசுபு நபியும், நான்கில் இத்ரீசு நபியும், ஐந்தில் ஹாரூன் நபியும், ஆறில் மூசா நபியும் எதிர்கொள்கின்றனர். ஏழாம் வானத்தில், வானவர் வலம்வரும் பைத்துல் மஃமூர் என்னும் ஆலயத்தின்மீது சாய்ந்தவராக இபுறாஹீம் நபி அமர்ந்திருக்கிறார். ஆதமும் இபுறாஹீமும் நாயகத்தை ‘நல்ல மகனே’ என்று வரவேற்க, ஏனையோர் ‘நல்ல சகோதரரே’ என்று வரவேற்கின்றனர். மக்கத்திலே சொந்த குலத்தார் புறக்கணித்த ஒருவருக்கு விண்ணிலே ஒரு குடும்பமே காத்திருக்கிறது!

திரும்பும் வழியில் நிகழ்வது இன்னும் அழகானது. நாளொன்றுக்கு ஐம்பது வேளைத் தொழுகை விதிக்கப்பட்டது என்று கேட்டதும் மூசா நபி தடுத்து நிறுத்துகிறார். தம் சமூகத்தாரோடு நெடுங்காலம் போராடி, மனித சுபாவத்தின் பலவீனத்தைத் தெளிந்தறிந்தவர் அவர். இவ்வளவு பாரத்தை உம்முடைய ஜனங்கள் தாங்கமாட்டார்கள், திரும்பிச் சென்று குறைத்துக் கேளும் என்று மறுபடியும் மறுபடியும் அனுப்புகிறார். ஐம்பது படிப்படியாகக் குறைந்து ஐந்தாகிறது. அதற்கும் கீழே குறைக்கச் சொல்லி அவர் வற்புறுத்தியபோது, இனியும் கேட்க நாணுகிறேன் என்று நாயகம் சொல்லிவிடுகிறார். ஐந்தாயினும் ஐம்பதின் பலன் உண்டு என்ற அருளும் கிடைக்கிறது. ஒவ்வொரு பள்ளிவாசலிலும் ஐந்து வேளை எழும் பாங்கின் பின்னே முன்னோர் ஒருவரின் பரிவு இவ்வாறு நிற்கிறது.

இந்த நபிமார்களில் பலர் நாஞ்சில் நாட்டுக் கிறிஸ்தவர்களுக்கும் அந்நியர் அல்லர். கோட்டாற்றுச் சவேரியார் ஆலயத்துக்குச் செல்வோர் மூசாவை மோசேயாகவும் யூசுபை யோசேப்பாகவும் யஹ்யாவைத் திருமுழுக்கு யோவானாகவும் தம் வேதத்தில் அறிந்தவர்களே. இரு வேதங்களும் சொல்லும் விதத்தில் வேற்றுமை உண்டு என்பதும் உண்மை.

வேதத்தால் மட்டுமன்றி மண்வாசனையாலும் இச்சரித்திரம் நமக்கு நெருக்கமாகிறது. நாயகத்தின் வரலாற்றைக் காப்பியமாகப் பாடும் உமறுப்புலவரின் சீறாப்புராணம் அரபு நாட்டில் மலைமேல் மழை பொழியச்செய்து, ஆறு பெருகச்செய்து, நெல் விளையச்செய்கிறது. பாலைவனத்துக்கு இது பொருந்துமா என்று குறைகாண்போர் உண்டு. அக்குறையை நான் ஒப்பமாட்டேன். நாஞ்சில் நாட்டில் பழையாற்றுப் பாசனத்தில் இருபோகம் விளைவிக்கும் உழவன், நாயகம் பிறந்த நாட்டை எவ்விதத்தில் வளமுடையதாக நினைக்கக்கூடுமோ, அவ்விதத்திலேயே புலவர் அதை அவனுக்குக் காட்டினார். காப்பிய மரபும் அதுவே.

இவ்வட்டாரத்தில் இஸ்லாமியத் தமிழ்ப் பாடல்கள் ஏட்டோடு நின்றவையல்ல. தக்கலையில் அடங்கியுள்ள மெய்ஞ்ஞானி பீர்முகமது அப்பாவின் ஆண்டு விழா ரஜப் மாதத்தில் நிகழும்போது, அவருடைய ஞானப்புகழ்ச்சியை மக்கள் கூடியமர்ந்து இரவெல்லாம் பாடுகின்றனர். அதே ரஜபின் 27ஆம் இரவுதான் மிஃராஜ் இரவாகவும் அனுஷ்டிக்கப்படுகிறது.

கோட்டாற்றை ஒட்டிய இடலாக்குடியில் 1874இல் பிறந்த செய்குத்தம்பிப் பாவலரை, 1907 மார்ச் 10ஆம் நாள் சென்னையில் நூறு விஷயங்களில் ஒருங்கே கவனம் செலுத்திச் சதாவதானியான அற்புதத்துக்காகவே பெரும்பாலும் கொண்டாடுகிறோம். 1950இல் மறைந்த அப்பெரியாரின் கைங்கரியங்களுள், சீறாப்புராணத்துக்கு அவர் உரை வகுத்ததை அதனினும் மேலானதாக நான் மதிக்கிறேன். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட விருத்தங்களைக் கொண்ட அக்காப்பியத்தில் அரபுச் சொல்லைக் கண்டு தமிழ் மாணவனும், செந்தமிழ்ச் சொல்லைக் கண்டு முஸ்லிம் இளைஞனும் மிரண்டு நிற்காதபடி வழி செய்தவை இத்தகைய உரைகளே. மிகுராசு மாலையும் அவ்விதமே எளிய உரையோடு இம்மாவட்டத்து நூலகந்தோறும் பள்ளிதோறும் இருக்கவேண்டும். அப்பணியை மேற்கொள்ளத்தக்க தமிழறிஞர்கள் கோட்டாற்றிலும் இடலாக்குடியிலும் தக்கலையிலும் இன்றும் இருக்கிறார்கள்.