ஒரே கேள்வியில் 125 ரெஜிஸ்டர்

எபிசோடில் நேரமில்லாமல் விட்ட விஷயம் இது. பி.எல்.சி, அதாவது தொழிற்சாலை மெஷினை ஓட்டும் கம்ப்யூட்டர், அதுகிட்ட 40 அளவுகள் வாங்கணும்னு வைங்க. ஒரு கேள்வி போய்ப் பதில் வர 20 மில்லிசெகண்ட் என்றால், ஒவ்வொன்றாகக் கேட்க 800 மில்லிசெகண்ட். ஓடுற கன்வேயருக்கு அது ரொம்ப நேரம். 1979-ல் வந்த மோட்பஸிலேயே அடுத்தடுத்த 125 ரெஜிஸ்டர்களை ஒரே கேள்வியில் படிக்கலாம், எழுத 123.

வேகம் எல்லாரும் சொல்றதுதான். எனக்குப் பெரிசாகப் படுவது வேற. ஒரு ரெஜிஸ்டர் 16 பிட்தான், அதனால் பெரிய கவுண்டர் இரண்டு ரெஜிஸ்டரில் பாதி பாதியாக இருக்கும். கவுண்டர் 65,535-ல் இருக்கும்போது கீழ்ப் பாதியைப் படிக்கிறீங்க. அதற்குள் இன்னொரு பெட்டி போகுது, 65,536: மேல் பாதி 1, கீழ்ப் பாதி 0. இப்போ மேல் பாதியைத் தனியாகப் படித்தால் டேஷ்போர்டில் 131,071 வரும். எரர் எதுவும் வராது! இரண்டையும் ஒரே கேள்வியில் கேளுங்க. அப்பவும் பி.எல்.சி இரண்டையும் ஒரே கணத்தில் எடுத்துத் தருமா என்று மேனுவலைப் பாருங்க. எல்லாம் தராது.

எழுதும்போது கொஞ்சம் பயம் வேணும். வேகம், வெப்பநிலை எல்லாம் ஒரே கட்டாகப் போகலாம். ஸ்டார்ட் பிட்டை நான் அதில் சேர்க்க மாட்டேன். எழுதினதைத் திரும்பப் படித்துச் சரிபார்த்த பிறகுதான் ஸ்டார்ட் தனியாகப் போகும். மெஷின் பக்கத்தில் ஆள் நிற்பாங்க, 40 மில்லிசெகண்ட் கூடப் போனால் போகட்டும்.

இன்னொன்று: நடுவில் இல்லாத முகவரி ஒன்று மாட்டினாலே பல கருவிகள் முழுக் கேள்வியையும் எரர் கோட் 2 போட்டுத் திருப்பிடும். அப்போ ரேஞ்சைப் பிரிச்சுக் கேளுங்க.