சுழலும் இறக்கையை எண்ணுதல்

விரைந்து சுழலும் இறக்கைகளைக் கண்ணால் எண்ண இயலுமா? இயலாது. அவை மங்கிய வட்டமாகவே தோன்றும். ஆனால் கண் எண்ண மாட்டாததை ஒளியைக் கொண்டு எண்ணலாம். அதற்கான எளிய கருவி ஒன்றை வீட்டிலேயே செய்து பார்த்த அனுபவத்தை நேயர்களுக்குக் கூற விரும்புகிறேன்.

என் பேரனிடம் மாதிரி ஹெலிகாப்டர் ஒன்று உண்டு. அதன் மேற்சுழலிக்கு இறக்கைகள் இரண்டு. குறுக்களவு 120 சென்டிமீட்டர். நிமிடத்திற்கு 1,500 முறை அது சுழலும்போது இறக்கையின் நுனி மணிக்குச் சுமார் 340 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. வேகம் இரு மடங்கானால் இறக்கையை வெளிநோக்கி இழுக்கும் விசை நான்கு மடங்காகும். எல்லை கடந்தால் இறக்கை பிய்ந்து பறக்கும். ஆகவே, வேகத்தை அளக்காமல் அதனை இயக்கலாகாது என்று கூறினேன்.

கருவியின் தத்துவம் எளிது. ஒளி பட்டால் மின்சாரத்தைச் செல்ல விடும் போட்டோ டிரான்சிஸ்டர் ஒன்றை, மை தீர்ந்த பேனாவின் கூட்டில் பொருத்தி, கூட்டின் வெளிப்புறத்தைக் கறுப்புத் தாளால் மூடினோம். அத்துடன் 10,000 ஓம் மின்தடை ஒன்றை இணைத்து, 5 வோல்ட் மின்சாரம் கொடுத்தோம். கூடு வானத்தை நோக்கியிருக்க, இறக்கை குறுக்கே வரும்போதெல்லாம் ஒளி மறையும். மின் அழுத்தம் தாழ்ந்து எழும். இத்துடிப்புகளைச் சிறியதொரு மின்னணுக் கருவி எண்ணும். இறக்கைகள் இரண்டாதலால், ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்புகள். விநாடிக்கு 50 துடிப்புகள் எனில் 25 சுற்றுகள், நிமிடத்திற்கு 1,500.

மாலையில் கூடத்துக் குழல் விளக்கின் கீழ் கருவியை வைத்தோம். சுழலி அசையவேயில்லை, கருவியோ 3,000 என்று காட்டியது! பேரன் திகைத்தான். கருவி பொய் சொல்லவில்லை. நம் மின்சாரம் விநாடிக்கு 50 முறை திசை மாறி மீள்வது. அதனால் பழைய சோக்குடன் எரியும் குழல் விளக்கு விநாடிக்கு 100 முறை மங்கி ஒளிர்கிறது. அந்த நூறைத்தான் கருவி எண்ணியது. பிழையென்று நினைத்ததே எங்களுக்கு உரைகல்லாயிற்று. அறிந்த எண்ணைச் சரியாகக் கூறும் கருவி, அறியாத எண்ணையும் சரியாகக் கூறும் அன்றோ?

மறுநாட் காலை, திறந்த வெளியில் ஹெலிகாப்டரைக் கனத்த பலகையில் கட்டினோம். பேனாக் கூட்டை இறக்கையின் கீழே தரையில் நிறுத்தி, நீண்ட கம்பியின் வழியே 5 மீட்டர் தள்ளியிருந்து எண்ணினோம். விநாடிக்கு 58 துடிப்புகள்; அதாவது நிமிடத்திற்கு 1,740 சுற்றுகள். பேரன் அதுவரை 1,500 என்றே நம்பியிருந்தான். இறக்கையின் மீதான இழுவிசை, அவன் எண்ணியதைவிட மூன்றில் ஒரு பங்கு மிகுதியாயிருந்தது! அன்றே வேகத்தைக் குறைத்தான்.

ஒன்றை அளக்குமுன் அளவுகோலை அளந்து பார்க்க வேண்டும். விஞ்ஞானம் கற்கும் சிறுவர்க்கு இதனினும் சிறந்த முதற்பாடம் இல்லை.